நன்றிகெட்டவனின் இடது கால்

2014 மார்ச் 19. நெதர்லாந்தில் ஹேக் நகரம். நகரசபைத் தேர்தல் முடிந்த ராத்திரி. கீர்ட் வில்டர்ஸ் என்கிற வலதுசாரித் தலைவர் மேடையில் ஏறித் தன் ஆட்களைப் பார்த்துக் கேட்கிறார்: இந்த நகரத்திலும் இந்த நாட்டிலும் மொரோக்கோக்காரர்கள் அதிகமாக வேண்டுமா, குறைவாக வேண்டுமா? 'குறைவு, குறைவு' என்று கூட்டம் கத்துகிறது. சரி, ஏற்பாடு பண்ணிடலாம் என்கிறார். சிரிப்பு, கைதட்டல்.

அன்றைக்கு ஹக்கீம் ஜியெச்சுக்கு 21 வயது நிறைந்த பிறந்தநாள். அதே நாட்டில் பிறந்து, அதே நாட்டில் வளர்ந்து, ஹேரன்ஃபேன் என்கிற ஊரின் அணியில் நடுக்கள ஆட்டக்காரனாக ஆடிக்கொண்டிருந்த மொரோக்கோப் பையன்.

பதினான்கு மாதம் போனது. 2015 மே மாதம் அதே நாடு அவனைக் கூப்பிட்டது. குறைக்க வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து ஒருத்தனை மட்டும் உருவி எடுத்து, நீ நம்ம ஆளு, வா, இந்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கோ என்றது. காயம்பட்டிருந்ததால் அப்போது அவனால் ஆட முடியவில்லை. காயம் ஆறியதும் மாட்டேன் என்றான். அந்த அக்டோபரில் மொரோக்கோவின் சிவப்புச் சட்டையைப் போட்டு ஐவரி கோஸ்டுக்கு எதிராக இறங்கினான்.

இந்த 'மாட்டேன்' பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம்ம பத்திரிகையில் பந்து விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். தேசம், குடியுரிமை, உழைப்பு, உடல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதெல்லாம் 90 நிமிஷம் கண்ணுக்கு முன்னால் ஓடுகிற இடம் அது. (அவன், இவன் என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு இல்லை. நமக்கு நெருக்கமானவனை அப்படித்தானே சொல்லுவோம்.)

முதலில் அந்த ஊர். ட்ரோன்டன். அந்தப் பகுதி முன்னே தண்ணீருக்கடியில் கிடந்தது. அணை கட்டி நீரை இறைத்து மண்ணை மேலே கொண்டுவந்து, 1960களில் ஊராக்கினார்கள். அந்த மண்ணில் பரம்பரை என்று யாருமே கிடையாது. அங்கே குடியேறின அத்தனை பேரும் வந்தேறிகள்தான். ஆனால் 'நீ எங்கிருந்து வந்தாய்' என்ற கேள்வி மட்டும் மொரோக்கோக்காரன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். மண்ணின் மைந்தர் என்ற சொல்லாடல் எவ்வளவு பெரிய மோசடி என்பதற்கு இந்த ஒரு ஊர் போதும்.

அந்த வாசலுக்கு அவர்களை வரவழைத்தது யார்? 1969 மே 14 அன்று நெதர்லாந்து அரசு மொரோக்கோ அரசோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டது. பிரான்சும் ஜெர்மனியும் 1963லேயே போட்டுவிட்டன, பெல்ஜியம் 1964ல். உலோக ஆலைக்கும் நெசவாலைக்கும் இறைச்சிக் கூடத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது. வைத்த பெயரைப் பாருங்கள், 'விருந்தாளித் தொழிலாளி'! விருந்தாளியைச் சாக்கடையில் இறக்கி வேலை வாங்குகிற வீடு எந்த ஊரில் இருக்கிறது?

பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் பிடித்த ஃபெலிக்ஸ் மோரா என்பவர் தெற்கு மொரோக்கோவில் ஊர் ஊராகப் போனார். ஆண்களை மேல்சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கவைப்பார். உடம்பைப் பார்ப்பார். எடுபட்டவன் நெஞ்சில் பச்சை முத்திரை, கழித்துக்கட்டினவன் நெஞ்சில் சிவப்பு முத்திரை. சந்தையில் மாட்டுக்குக் குத்துகிற மாதிரி. இப்படி எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவர் கொண்டுபோனார். எனக்கு இந்தப் பச்சை முத்திரையை மறக்க முடியவில்லை. கால்பந்து அணிகள் ஆள் வாங்கும்போது நடக்கிற மருத்துவப் பரிசோதனைச் செய்தியைப் படிக்கிறபோதெல்லாம் அது ஞாபகம் வருகிறது. 2023ல் ஜியெச்சை ஒரு சவூதி அணி வாங்கப் பேசி, முழங்கால் சரியில்லை என்று பேரம் முறிந்ததாகச் செய்தி வந்தது. சம்பளம் கோடிக்கணக்கில். முத்திரை மட்டும் அதே முத்திரை.

வீட்டில் நிறையப் பிள்ளைகள், இவன் கடைக்குட்டி. பத்து வயசில் அப்பா செத்துப்போனார். பதினான்கு வயசில் ஹேரன்ஃபேன் அணியின் பயிற்சிக்கூடத்துக்குப் போனான். பதினாறில் படிப்பு நின்றது. பையன் தடம் மாறிப் போய்விடாமல் பிடித்து நிறுத்தியவர் அஜீஸ் டுஃபிகார், ஹாலந்தில் தொழில்முறையாக ஆடிய மூத்த தலைமுறை மொரோக்கோக்காரர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு 'நாங்கதான் உன்னை வளர்த்தோம்' என்று கணக்கு நீட்டினவர்கள் இந்த மனுஷனை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

2012ல் பெரியவர்கள் அணியில் முதல் ஆட்டம். 2014ல் ட்வென்டே அணி. 2016ல் அயாக்ஸ். இதற்கு நடுவில்தான் அந்த 'மாட்டேன்'. உடனே என்ன நடந்தது? மார்கோ வான் பாஸ்டன், ஹாலந்தின் பழைய மகா நட்சத்திரம், ஹாலந்து அணியில் இடம் கிடைக்கிற நிலையில் இருந்துகொண்டு மொரோக்கோவைத் தேர்ந்தெடுக்கிறவன் எவ்வளவு முட்டாளாக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார். கொஞ்சம் பொறுத்திருந்தால் இடம் கிடைத்திருக்குமாம்.

அந்த 'பொறுமை' என்ற சொல்லை நமக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு. மேலே நிற்கிறவன் கீழே நிற்கிறவனுக்குச் சொல்கிற சொல் அது. கூடவே வருகிற இன்னொரு சொல் 'நன்றி'. பள்ளிக்கூடம் கொடுத்தோம், மைதானம் கொடுத்தோம், பயிற்சி கொடுத்தோம், நன்றி வேண்டாமா? நானும் கணக்குப் பார்த்தேன். அப்பன்மார் ஆலையில் உடம்பைக் கொடுத்தார்கள், வரி கட்டினார்கள், விருந்தாளியாகவே கிழடு தட்டிச் செத்தார்கள். பாக்கி எந்தப் பக்கம் நிற்கிறது? பள்ளிக்கூடமும் மைதானமும் அவர்கள் கூலியிலிருந்தும்தான் வந்தது. வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் ஹாலந்துக்கு ஆடினால் அதற்குப் பெயர் திறமை. மொரோக்கோப் பையன் ஆடினால் மட்டும் அது எப்படிக் கடன் தீர்ப்பு ஆகும்?

வேடிக்கை என்னவென்றால், 2018 உலகக் கோப்பைக்கு ஹாலந்து தகுதியே பெறவில்லை. 'முட்டாள்' தேர்ந்தெடுத்த மொரோக்கோ இருபது வருஷத்துக்கு அப்புறம் ரஷ்யா போனது. அங்கே ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, நன்றியோடு இருந்தால் என்ன கிடைக்கும்? அதற்கும் ஒரு ஆள் இருக்கிறார். லார்பி பென் பாரெக்.

காசாபிளாங்காவில் பிறந்தவர். மொரோக்கோ அப்போது பிரான்சின் பிடியில். 1938ல் மார்செய் அணிக்கு வந்தார். அந்த டிசம்பர் 4ஆம் தேதி நேப்பிள்ஸில் முசோலினியின் இத்தாலிக்கு எதிராகப் பிரான்சின் நீலச் சட்டையில் முதல் ஆட்டம். போர் வந்து நல்ல வயசை விழுங்கியது. 1945ல் திரும்பி வந்து பாரிஸில் ஸ்டாட் ஃபிரான்சே அணி, 1948ல் அட்லெடிகோ மாட்ரிட். அங்கே 1950லும் 1951லும் ஸ்பெயின் லீக் பட்டம். நடுக்களத்திலிருந்து முன்னே ஏறி ஆடுகிறவர். பார்த்தவர்கள் சொக்கிப்போய் வைத்த பெயர் 'கறுப்பு முத்து'. இதே பெயரைப் பிற்பாடு மொசாம்பிக்கிலிருந்து வந்து போர்ச்சுகலுக்கு ஆடிய யூசேபியோவுக்கும் சூட்டினார்கள். பாராட்டுகிறபோதுகூடத் தோலைத் தடவிப் பார்க்காமல் அவர்களுக்கு வாய் வராது. முத்து என்பது எடுத்துச் சரத்தில் கோர்க்கிற பொருள். கோர்ப்பவன் வேறு ஆள்.

1954தான் முக்கியம். அந்த வருஷம் செப்டம்பரில் அல்ஜீரியாவில் ஓர்லியான்வில் என்ற ஊர் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. பாதிக்கப்பட்டவர்களுக்காக அக்டோபரில் பாரிஸில் ஒரு நிதி ஆட்டம். ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் வட ஆப்பிரிக்க அணி. காலனிக்காரர்கள் 3-2 என்று எஜமானர்களைத் தோற்கடித்தார்கள். பென் பாரெக் வட ஆப்பிரிக்க அணியில் இருந்தார். நாற்பதை நெருங்கின மனுஷன். அவருடைய ஆட்டத்தைப் பார்த்துப் பிரான்சுக்கு மறுபடி அவர் ஞாபகம் வந்தது. ஆறு வருஷமாகச் சீந்தவில்லை, திடீரென்று கூப்பிட்டார்கள். அக்டோபர் 16 அன்று ஹனோவரில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம். போனார், இறங்கினார், முதல் பாதியிலேயே காயம்பட்டு வெளியே வந்தார். பிரான்ஸ் 3-1 என்று ஜெயித்தது. அவருக்கு அதோடு முடிந்தது.

அந்த நாளில் மொரோக்கோவின் சுல்தானைப் பிரான்ஸ் பதவியிலிருந்து இறக்கி மடகாஸ்கருக்கு நாடு கடத்தி வைத்திருந்தது. அந்த ஆட்டம் முடிந்து இரண்டு வாரத்தில், நவம்பர் 1ஆம் தேதி, அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. நடுவில் இந்த மனுஷன் நீலச் சட்டையில் நொண்டிக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியே வருகிறார். முதல் ஆட்டத்துக்கும் கடைசி ஆட்டத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட பதினாறு வருஷம். பிரான்ஸ் அணி வரலாற்றில் அவ்வளவு நீண்ட காலம் இன்னொருத்தர் கிடையாது. ஆனால் ஆட்டம் எத்தனை? பதினேழு. வேண்டும்போது எடுப்பது, வேண்டாதபோது வைப்பது. அந்தப் பதினாறு வருஷத்துக்கும் பதினேழு ஆட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்குக் காலனியம் என்று பெயர். போரையும் மாட்ரிட்டையும் காரணமாகச் சொல்லுவார்கள். சொல்லட்டும். அவர் நிலையில் ஒரு பாரிஸ்காரன் இருந்திருந்தால் மாட்ரிட் அவ்வளவு தூரமாகத் தெரிந்திருக்காது என்பது என் கருத்து.

அவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வழி இல்லை. மொரோக்கோ என்று ஒரு அணியே அப்போது கிடையாது. 1992 செப்டம்பரில் காசாபிளாங்காவில் தன் வீட்டில் தனியாகச் செத்துக் கிடந்தார். சில நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 1998ல், உலகக் கால்பந்துச் சம்மேளனம் அவருக்கு விருது கொடுத்தது. 1998 உலகக் கோப்பை எங்கே நடந்தது என்று தெரியும்தானே. பிரான்சில்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு ஜியெச்சைப் பார்த்தால் அவனுடைய முசுட்டு முகம் புரியும். ஒல்லி உடம்பு, யாரையும் சட்டை பண்ணாத நடை. வலது ஓரத்தில் நிற்பான், பந்து வந்ததும் உள்பக்கம் வெட்டி, இடது காலால் தூரத்துக் கம்பம் பக்கம் வளைத்துத் தூக்கிப் போடுவான். தடுப்பாட்டக்காரர்களின் தலைக்குப் பின்னால் போய் இறங்கும் அது. அந்தப் பந்து பத்தில் ஆறேழு தடவை யாருக்கும் போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தால் கோல். அதனால் எத்தனை தடவை பந்தைத் தொலைத்தான் என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள். அயாக்ஸ் ரசிகர்களே விசில் அடித்து அவமானப்படுத்தின காலம் உண்டு. பத்திரமாகப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுப் போயிருந்தால் யாரும் திட்டியிருக்க மாட்டார்கள். அடக்கமான ஆட்டக்காரன் என்று பெயரும் கிடைத்திருக்கும். அவன் போடுவதை நிறுத்தவில்லை. 2018ல் அதே நாட்டில் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரன் விருது அவனுக்கே போனது. 2019 மார்ச்சில் ரியல் மாட்ரிட்டை அவர்கள் ஊரிலேயே 4-1 என்று அயாக்ஸ் தோற்கடித்தபோது முதல் கோல் அவனுடையது, ஏழாவது நிமிஷம். அரையிறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிராக இரண்டாவது கோலும் போட்டான். இன்னொரு பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில் எதிரணி மூன்றாவது கோல் அடித்து இறுதிப் போட்டியைத் தட்டிப் பறித்தது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

2020ல் செல்சி நாற்பது மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது. அங்கே காயம், பெஞ்சு, மறுபடி காயம். 2021ல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை கிடைத்தது, இறுதி ஆட்டத்தில் இறக்கவில்லை. லண்டன் காலத்தைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒரு மாணவத் தோழர் கேட்டார்: ஹாலந்தை மறுத்தது சரி, ஆனால் மொரோக்கோவும் ஒரு தேசம்தானே, அதுவும் மன்னராட்சி, ஒரு தேசியக் கற்பிதத்தை விட்டு இன்னொன்றில் போய் விழுவதில் என்ன கலகம்? நியாயமான கேள்வி. மொரோக்கோ அரசுக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றால் முதலில் பணம் அனுப்புகிறவர்கள், அப்புறம் கோல் போடுகிறவர்கள். தன் குடியுரிமையை யாரும் லேசில் விட்டுப் போகவும் அது விடாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோழர், கதை அங்கே முடியவில்லை.

2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் பெனினுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை அவன் கம்பத்தில் அடித்தான். மொரோக்கோ வெளியேறியது. ஹாலந்தில் நன்றிகெட்டவன் என்றார்கள், இங்கே அயல்நாட்டுச் சொகுசுப் பையன் என்று திட்டினார்கள். 2021ல் பயிற்சியாளர் வாஹித் ஹலில்ஹோட்ஜிச், இவன் காயம் என்று நடிக்கிறான், ஒழுக்கம் இல்லை என்று சொல்லி ஒதுக்கினார். அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு எடுக்கவில்லை. வந்து மன்னிப்புக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான் என்று எதிர்பார்த்திருப்பார்கள். 2022 பிப்ரவரியில் அவன் சொன்னது: இனி மொரோக்கோவுக்கு ஆட மாட்டேன்.

இரண்டாவது 'மாட்டேன்'. இதுதான் என் தோழருக்கு என் பதில். ஒரு தேசத்துக்குச் செலுத்த மறுத்த நன்றியை இன்னொரு தேசத்துக்கும் அவன் செலுத்தவில்லை. வேர் தேடி வந்த பிள்ளை, தாய்மண், ரத்தம் என்று ராபாத்தில் கட்டின கதையாடலுக்குள்ளும் அடங்க மறுத்தான். என்னை நடிகன் என்று சொன்னவன் இருக்கிற இடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான். உலகக் கோப்பைக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது சொன்னான் என்பதையும் பாருங்கள். அதில் இழப்பு யாருக்கு? அவனுக்குத்தான்.

ஆகஸ்டில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள். பிரான்சில் பிறந்த, குடியேறிய குடும்பத்துப் பிள்ளையான வாலித் ரெக்ராகி வந்தார். ஜியெச்சைத் திரும்பக் கூப்பிட்டார், வந்தான்.

அப்புறம் கத்தார். எங்கள் வீட்டில் கைபேசியை ஒரு சொம்பின்மேல் சாய்த்து வைத்து இராத்திரி எட்டரைக்கு உட்காருவோம். பெல்ஜியத்தை 2-0. கனடாவுக்கு எதிராக நாலாவது நிமிஷம், கோல்கீப்பர் முன்னே வந்து தடுமாறின பந்தைத் தூரத்திலிருந்தே தலைக்கு மேலே தூக்கி வலைக்குள் விட்டான் ஜியெச். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்தக் கோல் இல்லை. சோம்பேறி, நடிகன் என்று பெயர் வாங்கினவன், ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பாதிக்குள்ளே ஓடி வந்து ஹக்கீமிக்குப் பக்கத்தில் நின்று பந்தைப் பறித்ததுதான். மரியாதை கிடைத்த இடத்தில் உடம்பு எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

டிசம்பர் 6, ஸ்பெயின். 120 நிமிஷம் கோல் இல்லை. பெனால்டி. சபிரி போட்டான், ஜியெச் நடுவில் ஓங்கி அடித்தான், ஹக்கீமி மெதுவாகத் தூக்கிவிட்டான். ஸ்பெயின்காரர்கள் ஒன்றுகூட உள்ளே விடவில்லை. ஹக்கீமி மாட்ரிட்டில் பிறந்தவன். அம்மா வீட்டு வேலை செய்தார், அப்பா தெருவில் சாமான் விற்றார் என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்த அணியின் 26 பேரில் 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். பெரும்பாலானவர்கள் ஸ்பெயின், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து என்று மொரோக்கோக்காரர்கள் பிழைக்கப் போன நாடுகளில். போர்ச்சுகலையும் தோற்கடித்து அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி. அங்கே பிரான்சிடம் 0-2. நாலாம் இடம்.

இதைப் பார்த்து ஐரோப்பாவே மாறிவிட்டது என்று எழுதினவர்கள் உண்டு. அடுத்த வருஷம், 2023 நவம்பரில், ஹாலந்து நாடாளுமன்றத் தேர்தலில் வில்டர்ஸின் கட்சிதான் அதிக இடம் பிடித்தது. 150ல் 37. அந்த 'குறைவு, குறைவு' பேச்சுக்காக ஒரு கூட்டத்தை இழிவுபடுத்திய குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் 2021லேயே உறுதிப்படுத்தியிருந்தது. தண்டனை எதுவும் இல்லை.

மொரோக்கோவும் அப்படியொன்றும் மாறிவிடவில்லை. 2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப் போகிறோம் என்று மைதானங்களைக் கட்டினார்கள். அகாதிர் நகர அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் போன பெண்கள் அடுத்தடுத்துச் செத்தார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் இளைஞர்கள் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்து, மைதானம் இதோ இருக்கிறது, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டார்கள். கால்பந்துச் சம்மேளனத் தலைவர் ஃபவுசி லெக்ஜாதான் அந்த அரசில் வரவு செலவுக்கும் அமைச்சர். கேள்வியை வேறு யாரிடம் போய்க் கேட்பது! போலீஸ் அடித்தது, சுட்டது, நூற்றுக்கணக்கில் பிடித்துப் போட்டது. கத்தாரில் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தின அதே தலைமுறைதான் அது.

அந்தக் கலவரத்தின் சூடு ஆறாத அக்டோபரில், 32 வயசில், இஸ்தான்புல்லையும் தோஹாவையும் சுற்றிவிட்டு ஜியெச் காசாபிளாங்காவின் வைதாத் அணியில் வந்து சேர்ந்தான். ஹாலந்தில் பிறந்தவன், மொரோக்கோ லீக்கில் ஆடுவது அதுதான் முதல் தடவை. அந்த ஊரில் பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஸ்டாட் ஃபிலிப் என்று பெயர் வைத்திருந்த பழைய மைதானம் ஒன்று உண்டு. இப்போது அதற்கு லார்பி பென் பாரெக் பெயர்.